கொழும்புக்குச் சிங்கப்பூர் வழி

ராமேசுவரத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு ரிட்டர்ன் வண்டி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார், கோயில் வாசலில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியாக வேண்டும். டீசல் எப்படியும் எரியும். அதனால் டிரைவர் டீக்கடை ஓரமாக நின்று, 'மதுரை, மதுரை' என்று தாழ்ந்த குரலில் கூப்பிடுவார். பாதி வாடகைக்குச் சம்மதிப்பார். ஆனால் அவர் கிளம்பும்போதுதான் நாம் கிளம்ப வேண்டும். போகிற வழியில் தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாமா என்றெல்லாம் கேட்கக் கூடாது.

கடலிலும் ரிட்டர்ன் வண்டி உண்டு என்று எனக்குச் சொன்னவன் என் அத்தை மகன். பதினொரு வருடமாக உல்லாசக் கப்பல்களில் சலவைப் பிரிவில் இருக்கிறான். எட்டு ஒன்பது மாதம் கப்பல், இரண்டு மாதம் பாம்பன். ஒரு விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், வருடத்தில் இரண்டு தடவை எங்கள் கப்பல் ஊரை மாற்றும். அப்போது டிக்கெட் விலையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்."

அவன் சொன்னதற்கு ஆங்கிலப் பெயர் ரீபொசிஷனிங் க்ரூஸ். நான் மனதுக்குள் ரிட்டர்ன் கப்பல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அடுத்த ஒன்றரை வருடம் அந்தப் பெயர் என்னை விடவில்லை. கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து அடுத்தவர் படகுக்குக் கணக்குப் போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று ஒரு கப்பலுக்குக் கணக்குப் போட ஆசை வந்ததில் வியப்பில்லை.

கப்பல் ஏன் ஊர் மாற்றுகிறது என்பது எங்கள் தீவில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். எங்களுக்குக் கடல் இரண்டு. பாம்பன் பாலத்துக்கு வடக்கே வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். தெற்கே தென்கடல், மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டால் தலைகீழ். அதனால் தூக்குப்பாலம் திறக்கும் நாளுக்காகப் படகுகள் வரிசையில் காத்திருந்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். அந்த ஒரு ஓட்டத்தில் மீன் கிடையாது. வலை நனையாது. டீசல் மட்டும் செலவு.

பெரிய கப்பல்களுக்கும் இதே கதைதான், அளவுதான் வேறு. மத்தியதரைக் கடலில் கோடை முழுக்க ஓடிய கப்பல் அக்டோபர், நவம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வரும். அலாஸ்காவில் மே முதல் செப்டம்பர் வரை ஓடுகிறவை குளிர் தொடங்கியதும் தெற்கே இறங்கும், அல்லது பசிபிக்கைக் கடந்து ஆசியாவுக்கு வரும். துபாய்ப் பக்கம் குளிர்காலம்தான் பருவம். வெயில் ஏறினால் அங்கே யார் இருப்பார்கள்? நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மும்பையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கார்டீலியா கப்பல் 2022 ஜூனில் சென்னைக்கு வந்து ஓடத் தொடங்கியது. அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கிழக்குக் கரைதான் புகலிடம். பாம்பன் படகுக்காரர் எவரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

இப்படி ஊர் மாற்றுகிற ஓட்டத்தில் கப்பல் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வராது. ஒரு வழிதான். நாள் அதிகம், இறங்கும் துறைமுகம் குறைவு, இடையில் கடல், கடல், மேலும் கடல். விடுமுறைக்கு ஒரு வாரம் மட்டும் கிடைப்பவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் இது சரிப்படாது. ஆள் குறைவதால் விலையைக் குறைக்கிறார்கள். அத்தை மகன் இன்னொன்றும் சொன்னான். அறை காலியாகப் போனாலும் எண்ணெய் எரியும், ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. ஒரு ஆளை ஏற்றிவிட்டாலோ அவர் மது குடிப்பார், படம் எடுத்துக்கொள்வார், சூதாட்டக் கூடத்தில் உட்கார்வார். கரைக்கு வந்தால் அந்தக் கூடத்தைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். நடுக்கடலில் இறங்கி ஓட வழியில்லை. "கடல் நாளில்தான் மச்சான் கப்பலுக்குக் கல்லா நிறையும்." நானோ மது தொடாதவன், சீட்டுக்கட்டைப் பார்த்தால் எழுந்துபோகிறவன். என்னைப் போன்ற ஆளை ஏற்றினால் கம்பெனிக்கு நட்டம்தான் என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

முதலில் கண் போனது அட்லாண்டிக் பக்கம். பார்சிலோனாவில் ஏறி மயாமியில் இறங்குவது, பதினான்கு இரவு. ஒரு இரவுக்கான விலையைப் பார்த்தால் ராமேசுவரத்தில் சன்னிதித் தெரு விடுதி வாடகை. மேற்கே போவதால் ஐந்தாறு நாள் இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இருபத்தைந்து மணி நேர நாள்! ஓய்வு பெற்றவனுக்கு இன்னும் நேரம் எதற்கு என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதை விட்டுவிட்டு நான் தாள் எடுத்தேன். ஏறுவதற்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா. இறங்குவதற்கு அமெரிக்க விசா. அதன் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே ஒரு தவம். போக ஒரு விமானம், உலகத்தின் மறுபக்கத்திலிருந்து திரும்ப ஒரு விமானம். கூட்டிப் பார்த்தால் கப்பல் டிக்கெட் அந்தத் தாளின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

அலாஸ்கா வழியைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் பயணங்களைப் பார்த்தால், எங்காவது ஒரு வெளிநாட்டுக் கரையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. 1886-ஆம் வருடச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பகாமாஸ், பனாமா என்று அயல்நாட்டுக் கொடி கட்டிய கப்பல், பயணிகளை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சும்மா கொண்டுபோய் விட முடியாது. அதனால்தான் அலாஸ்காக் கப்பல்கள் பல வான்கூவரில் தொடங்குகின்றன அல்லது முடிகின்றன. எனக்கு இதன் பொருள், கனடா விசாவும் சேர்த்து வாங்கு என்பது. அந்தத் தாளையும் மடித்து வைத்தேன்.

மிஞ்சியது நம் பக்கத்துக் கடல். 2023 ஜூலையில் ஒரு கப்பல் கிடைத்தது. 2024 ஏப்ரலில் துபாயில் கிளம்பி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக இத்தாலிக்குப் போவது. கால்வாயைக் கப்பல் மேல் நின்று பார்க்க வேண்டும் என்பது பள்ளிப் புவியியல் வகுப்பிலிருந்தே எனக்கிருந்த ஆசை. முன்பணம் கட்டினேன். ஆகஸ்டில் ரோமிலிருந்து சென்னைக்குத் திரும்பும் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, இருவருக்கும் சேர்த்து 62,000 ரூபாய். மலிவு ஏன் என்றால் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற ரகம். அதையும் வாங்கினேன். வங்கியில் இருந்தபோது, படகு வந்து சேரும் முன்பே வலை வாங்கக் கடன் கேட்டவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

நவம்பரில் செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஒரு கப்பலைப் பிடித்த செய்தி வந்தது. பிறகு ஏவுகணை, டிரோன். சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. உல்லாசக் கப்பலுக்கு வேறு வழி ஏதாவது செய்வார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் கடைசித் தவணை கட்டி ஆறாம் நாள் மின்னஞ்சல். பயணம் ரத்து. சில கம்பெனிகள் அந்த வசந்தத்தில் கப்பலைப் பயணிகள் இல்லாமலேயே ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பின. உண்மையிலேயே வெறும் ஓட்டம். டிரைவர் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போன கதை.

கப்பல் பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தார்கள், நாற்பது நாள் கழித்து. விமானக் கம்பெனி வரியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. 48,000 ரூபாய் போனது போனதுதான். கப்பல் கம்பெனியின் ஒப்பந்தத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். பாதையை மாற்ற, துறைமுகத்தைத் தவிர்க்க, பயணத்தையே நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. நாமே தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை. கடன் பத்திரத்தில் சின்ன எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் மீன் குழம்பில் புளி சற்றுத் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் திட்டமிடக் கற்றுக்கொண்டேன். இந்தக் கப்பல்களின் கால அட்டவணை ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே வந்துவிடுகிறது. அப்போது விலை ஒன்று. புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்பு, எல்லோரும் கடைசித் தவணை கட்ட வேண்டிய நாள் கடந்ததும், கட்டாமல் விட்டவர்களின் அறைகள் திரும்பச் சந்தைக்கு வரும். அப்போது விலை சரியும். உலகத்தில் கெட்டிக்காரர்கள் எல்லாம் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கெட்டிக்காரர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், விசா கேட்காத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். பாம்பனில் இருந்துகொண்டு, மூன்று நாட்டு அனுமதி வாங்கி, இரண்டு விமானம் ஏற வேண்டிய எனக்குக் கடைசி நேர மலிவு விலை என்பது காகிதத்தில் வரைந்த மீன். கப்பல் விலை இறங்கும் அதே வாரங்களில் விமான விலை ஏறுகிறது. இரண்டையும் ஒரே தாளில் கோடு போட்டுப் பார்த்தேன்; எங்களுக்கு லாபமான இடம் ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

தேதியும் நம் கையில் இல்லை. கப்பலுக்கு ஐப்பசி தெரியாது, தீபாவளி தெரியாது, அண்ணன் மகள் கல்யாணம் தெரியாது. வசந்த கால ஓட்டம் ஏப்ரல், மே. எங்கள் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்காரர்களுக்கு வருடத்தில் நேரம் கிடைப்பதே அப்போதுதான். ஆனால் தடைக்காலத்தில் நேரம் இருக்கும், காசு இருக்காது. இலையுதிர் கால ஓட்டம் அக்டோபர், நவம்பர். அது வங்கக் கடலில் புயல் கிளம்பும் பருவம். எங்கள் தீவில் யாருக்கும் புயல் என்ற சொல்லை இலேசாகச் சொல்லிவிட முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன இரவை நேரில் பார்த்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியில் அமைந்தது 2024 நவம்பர் 4. ஆசியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கப்பல் குளிர்காலத்துக்கு வளைகுடா போகிறது. சிங்கப்பூரில் ஏறி துபாயில் இறங்க வேண்டும். 13 இரவு. நடுவில் மலேசியாவின் கிளாங் துறைமுகம், புக்கெட், கொழும்பு, கொச்சி, மும்பை. ஜன்னல் இல்லாத உள் அறை, ஆளுக்கு இரவுக்கு 60 டாலர். மே மாதம் பதிவு செய்தேன். கந்த சஷ்டி விரதம் நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கி 7-ஆம் தேதி சூரசம்காரம் என்று மனைவி காலண்டரைக் காட்டினாள். கப்பலை நிறுத்திவைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். விரதம் எங்கே இருந்தாலும் விரதம்தான் என்று சொல்லிவிட்டாள்.

வழியைப் பாருங்கள். பாம்பனில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கொழும்பு, சென்னையைவிடக் கிட்டம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு, போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயில் ஏறிப் போயிருக்கிறார்கள். என் தாத்தா அப்படிப் போனவர். பேரன் நான் கொழும்புக்குப் போன வழி இது: பாம்பனிலிருந்து பஸ்ஸில் ராமநாதபுரம். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்து ரயில் நின்றுபோயிருந்தது, புதுப் பாலம் அப்போது திறக்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ரயிலில் திருச்சி, திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து ஐந்து நாள் கப்பலில் கொழும்பு. தாத்தா கேட்டிருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய் விடுதியில் தங்கினோம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஒரு இரவு வாடகை 11,000 ரூபாய் கொடுத்தது, தூக்கத்துக்கு அல்ல, நிம்மதிக்கு.

கப்பலைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. சாப்பாடு ஏராளம், பாட்டு ஏராளம், படிக்கட்டு ஏராளம். உள் அறையில் விளக்கை அணைத்தால் அமாவாசை. நான் நினைவில் வைத்திருப்பது வேறு. அறையில் இருந்த தொலைக்காட்சியில் ஒரு அலைவரிசை முழுக்க வரைபடம்தான். ஒரு குட்டிக் கப்பல், அதன் பின்னால் ஒரு கோடு. நவம்பர் 8 இரவு நாங்கள் இலங்கைக்குத் தெற்கே வளைந்துகொண்டிருந்தோம். மனைவி கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் திரையில் விரலை வைத்தாள். "இங்கேதான் நம் வீடு. இந்த வழியாகவே போயிருக்கலாமே?" விரல் வைத்த இடத்தில் தூசி ஒட்டி ஒரு புள்ளி விழுந்தது.

போக முடியாது. எட்டு மீட்டர் ஆழம் கேட்கிற கப்பலுக்கு அங்கே ஆழம் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் உள்ள மணல்திட்டுகளில் பல இடங்களில் நின்றால் கழுத்தளவு தண்ணீர்கூட இருக்காது. இதைத் தோண்டிக் கப்பல் விடுவதற்குத்தான் சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைத்தார்கள். அது நின்று எத்தனையோ வருடம் ஆகிறது. தோண்டியிருக்க வேண்டுமா, கூடாதா என்ற சண்டைக்கு நான் இப்போது வரவில்லை. அந்தத் திட்டுகளை நம்பித்தான் எங்கள் மீனும் நண்டும் இருக்கின்றன என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முந்தின நாள், 7-ஆம் தேதி, சூரசம்காரம். ஆறு நாளாக மனைவிக்குப் பாலும் பழமும்தான். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசையைக் கவனித்த பிலிப்பைன்ஸ் பையன், ஒரு ஆள் தட்டு எப்போதும் காலியாகவே இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய்க் கடல் நோய்க்கு மாத்திரை கொண்டுவந்தான். அவனிடம் விரதத்தை விளக்க என் ஆங்கிலம் பட்ட பாடு! மறுவேளையிலிருந்து நாங்கள் போவதற்கு முன்பே மேசையில் நான்கு வாழைப்பழம் இருக்கும். மாலையில் ஏழாவது தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மனப்பாடமாகத் தெரிந்ததை வாய்க்குள் சொல்லி முடித்தாள். திருச்செந்தூரில் கரையில் நின்று கடலைப் பார்ப்பார்கள். அவளுக்குக் கரைதான் இல்லை.

கடிகாரத் தள்ளுபடி எங்களுக்கும் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்குள் இரண்டரை மணி நேரம், பிறகு துபாய்க்குள் ஒன்றரை. அந்த அரை மணி நேரங்கள்தான் ஆளைக் குழப்பின. ஒரு நாள் காலை உணவுக்கு அரை மணி முன்னதாகப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். அங்கே ஏற்கெனவே பதினைந்து பேர் அதே முகத்தோடு நின்றார்கள்.

கொச்சியில் நவம்பர் 11 காலை இறங்கியபோதுதான் இந்தப் பயணத்தின் பெரிய கோணல் உறைத்தது. கொச்சியிலிருந்து ஒரு இரவு பஸ் ஏறினால் காலையில் ஊர். ஆனால் நாங்கள் ஃபோர்ட் கொச்சியில் சீன மீன் வலையைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பக் கப்பல் ஏறி, வீட்டுக்கு எதிர்த்திசையில் இன்னும் ஆறு நாள் போய், பாலைவனத்தில் இறங்கி, அங்கிருந்து விமானம் பிடித்து மதுரைக்கு வர வேண்டும். பதிவு செய்யும்போதே, கொச்சியில் இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது, முழுப் பயணம்தான் என்று பதில் வந்திருந்தது. டிக்கெட்டில் முழுப் பணமும் போய்விட்டது. "தங்கச்சிமடத்தில் காபி குடிக்க விடாத வண்டி இதுதானா?" என்று மனைவி கேட்டாள். ரிட்டர்ன் வண்டிக் கதையை அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று புரிந்தது.

இப்போது கணக்கு. விளம்பரத்தில் இருந்த 60 டாலர், இரண்டு ஆளுக்கு 13 இரவுக்கு 1,560 டாலர். டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் 1,31,040 ரூபாய். துறைமுக வரிகள் இருவருக்கும் 300 டாலர். பணியாளர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு நாளுக்கு 16 டாலர் கட்டாயமாகக் கணக்கில் ஏறும். அது 416 டாலர். ஆக, கப்பலுக்கு மட்டுமே 1,91,184 ரூபாய். திருச்சி–சிங்கப்பூர் 22,000, துபாய்–மதுரை 25,000. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விசா 19,500. சிங்கப்பூர் ஒரு இரவு, துபாய் ஒரு இரவு, இரண்டு விடுதிக்கும் 17,500. காப்பீடு 4,500, நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால் கப்பல் மருத்துவமனை கட்டணம் என்ன ஆகும் என்று அத்தை மகன் சொன்ன பிறகு இதில் நான் கை வைக்கவில்லை. பஸ், ரயில், டாக்சி, துறைமுகங்களில் டீ, காபி எல்லாம் 9,000. மொத்தம் 2,88,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கப்பலில் இணைய இணைப்பு வாங்கவில்லை, அவர்கள் நடத்தும் சுற்றுலா எதற்கும் போகவில்லை, ஒரு புகைப்படம்கூட வாங்கவில்லை. அப்படி இருந்தும், 1,31,040 என்று தொடங்கியது இரண்டு மடங்குக்கு மேல் வந்து நின்றது.

அதாவது கடல் மலிவுதான். கடலுக்குப் போவதும் கடலிலிருந்து வருவதும்தான் செலவு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இந்தக் கணக்கே வேறு. எங்களைச் சுற்றி நாலு பக்கமும் கடல் இருக்கிறது, ஏறுவதற்கு ஒரு கப்பல் இல்லை.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் சும்மா இருக்காமல் அதே பயணத்தின் விலையைப் பார்த்தேன். இரவுக்கு 45 டாலர். இருவருக்கும் 390 டாலர் வித்தியாசம், ஏறத்தாழ 33,000 ரூபாய். சந்தையில் காலையில் வாங்கிய நகரை மீன் மாலையில் பாதி விலைக்குப் போவது இயல்புதானே என்று மனைவி ஆறுதல் சொன்னாள். மாலை மீன் கெட்டுப்போயிருக்கும், அறை கெட்டுப்போகாதே என்று நான் இரவெல்லாம் புரண்டேன். ஆனால் அப்போது வாங்கியிருந்தால் விசா நேரத்துக்கு வந்திருக்குமா என்பதை யார் சொல்வது?

புறப்படுவதற்கு முன் கப்பல் கம்பெனியிடம் கேட்க வேண்டியது என்று அத்தை மகன் சொல்லி, நானும் கேட்ட ஒரு கேள்வி உண்டு: பயணம் முடிந்ததும் கப்பல் பழுதுபார்க்கும் துறைக்குப் போகிறதா? போகிறது என்றால், சில வேளைகளில் வேலை நடுக்கடலிலேயே தொடங்கிவிடும். நீச்சல் குளத்தில் தண்ணீர் இருக்காது, காலை ஏழு மணிக்குத் தலைக்கு மேல் சுத்தியல் விழும். எங்கள் கப்பலுக்கு அப்படி எதுவும் இல்லை. மும்பைக்குப் பிறகு வந்த மூன்று கடல் நாளில் நான் செய்த ஒரே வேலை, மேல்தளத்தில் நாற்காலி போட்டு மீன்பிடிப் படகுகளைத் தேடியது. முதல் நாள் இருட்டும் வரை குஜராத் பக்கத்துப் படகுகள் தெரிந்தன. பிறகு ஒன்றும் இல்லை. நம்மைவிடப் பெரிய சரக்குக் கப்பல்கள் மட்டும் மௌனமாகப் போயின.

நவம்பர் 17 துபாய். மறுநாள் விமானம். 19-ஆம் தேதி வீடு. அடுத்த நாள் எங்கள் தீவில் வானம் கிழிந்தது. ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பிரிக்காத பெட்டிகளைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நானும் அவளும் வாளியோடு நின்றோம். பதிமூன்று இரவு கடலில் இருந்தபோது காலில் படாத தண்ணீர்.

பிறகு 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் இலை மடிவது போல் மேலே போகும், இப்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு மொத்தமாக, 660 டன், லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் ஏறுகிறது. அது ஏறும் நாட்களில் சாலைப் பாலத்தில் கூட்டம் நிற்கும். நானும் நிற்பேன்.

போன மாதம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, என்னிடம் இரண்டு தடவை படகுக் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்த ஒருவர் கீழே வரிசையில் இருந்தார். வாடை தொடங்கப் போகிறது, படகைத் தென்கடல் பக்கம் உள்ள குந்துகாலுக்குக் கொண்டுபோகிறார். மறுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர், "சார், பாலம் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்களாம். படகு வெறுமனேதான் குந்துகால் போகிறது. நீங்களும் அக்காவும் வருகிறீர்களா? பாலத்துக்குக் கீழே நுழைந்து போகலாம், காசு எல்லாம் வேண்டாம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "குந்துகாலிலிருந்து திரும்பி வர ஆட்டோவுக்கு எவ்வளவு, தம்பி?"